பீப் சத்தம் சாட்சி ஆகுமா?

இந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! முன்னிலை வகிக்கும் பட்டறை உரிமையாளர்களே! கனரக வண்டிகளின் கண்ணையும் காதையும் காத்து நிற்கும் எலக்ட்ரீஷியன்களே! ஓட்டுநர் பெருமக்களே! லாரிக்கு அடியில் படுத்தெழுந்த சட்டையைத் துவைக்க கிரீஸ் கறையோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தப் பட்டறைக்காரியின் பணிவான வணக்கம்!

மைக் உறுமுகிறது. சவுண்ட் சர்வீஸ்காரரே, எர்த்தைக் கொஞ்சம் பாருங்கள்! சிரிக்காதீர்கள், நான் பேச வந்ததே எர்த்தைப் பற்றித்தான். ஒரு தீர்மானத்தை முன்மொழியச் சொல்லி என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். தீர்மானம் சின்னது. அது பிறந்த கதை பெரியது.

எங்கள் பட்டறைக்குள் ஒரு லாரி சமர்த்தாக வந்து நின்றது. முன்னால் இறங்கியவர் முதலாளி. பின்னால் இறங்கியவர்கள் அதன் ஓட்டுநரும் அவர் மனைவியும். முதலாளி எடுத்த எடுப்பிலேயே பொரிந்து தள்ளினார்.

"மழையில, இறக்கத்துல, வண்டி தானா ஆஃப் ஆயிடுதாம்! நான் ஓட்டினா ஆகல. மேனேஜர் ஓட்டினா ஆகல. இவர் ஓட்டினா மட்டும் ஆகுது! மலை ரோட்டுக்குப் போகப் பயந்துக்கிட்டு கதை விடுறார். கோளாறு இல்லைன்னு நீங்களும் சொல்லிட்டா, இன்னையோட இவரை அனுப்பிடுவேன்."

ஓட்டுநரின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, இவர் பொய் சொல்றாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். பொய்யன்னு பேரு வாங்கினா, நாங்க போறதுக்கு முன்னாடி அந்தப் பேருல்ல போய் நிக்கும்?"

தாய்மார்களே, அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது!

இன்றைய லாரி என்பது என்ன? வெறும் இரும்பா? வெறும் டயரா? இல்லை! இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒரு கம்ப்யூட்டர், கியருக்கு ஒன்று, டேஷ்போர்டுக்கு ஒன்று. முறுக்கிய இரண்டு ஒயர்களில் இவை ஓயாமல் பேசிக்கொள்கின்றன. கோளாறு படிக்கும் ஸ்கேனரைச் செருகினோம். இன்ஜின் பெட்டி சொல்கிறது, பிரேக் பெட்டி பேசவில்லை என்று. பிரேக் பெட்டி சொல்கிறது, இன்ஜின் பெட்டி பேசவில்லை என்று. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல ஆளுக்கொரு குறை! கம்பெனி டெக்னீஷியன் ஏற்கெனவே இன்ஜின் கம்ப்யூட்டரையே புதிதாக மாற்றியிருந்தார். மாற்றிய பிறகும் மழை வந்தது, இறக்கம் வந்தது, வண்டி நின்றது.

என்ன அங்கே? பேட்டரியா? அதையும் மாற்றியாயிற்று ஐயா!

என் அண்ணன் மல்டிமீட்டரை எடுத்தார். அதோ, முன்வரிசையில் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாரே, அவரேதான். வண்டியின் கரண்டெல்லாம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் ஒயரைக் கழற்றி, இந்த முனையில் ஒரு கம்பி, அந்த முனையில் ஒரு கம்பி வைத்தார். பீப் என்றது மீட்டர். "ஒயர் பக்கா! கோளாறு இல்ல" என்றார் அண்ணன். முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். ஓட்டுநர் தலை குனிந்தார்.

நான் சாவியைக் கொடுக்கவில்லை. "அண்ணே, வண்டி நிக்கிற நேரத்துல என்னென்ன சுவிட்ச் போட்டிருப்பீங்க?" என்று ஓட்டுநரைக் கேட்டேன்.

"மழைன்னா வைப்பர் போடுவேன்மா. இருட்டிக்கிட்டு வரும், லைட்டெல்லாம் போடுவேன். கண்ணாடி பனி மூடும், ஃபேனை முழுசா வைப்பேன். இறக்கம்னா பிரேக்குலயே கால் இருக்கும், அந்த லைட்டும் எரியும். எல்லாம் போட்டாத்தானே ரோடு தெரியும்?"

முதலாளி எப்போது ஓட்டிப் பார்த்தார்? நல்ல வெயிலில்! மேனேஜர் எங்கே ஓட்டிப் பார்த்தார்? பட்டறை வாசலில்!

ஒயரைத் திரும்ப மாட்டினோம். மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பி, ஒரு முனையை பேட்டரி மைனஸில், மறு முனையை இன்ஜின் கம்ப்யூட்டரின் எர்த் பின்னில் வைத்தோம். ஒயர் நல்லதென்றால் பூஜ்யத்தை ஒட்டியே எண் கிடக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு வைப்பரைப் போட்டோம், எண் எழுந்தது. விளக்கைப் போட்டு பிரேக்கையும் மிதித்தோம், எண் ஏறியது. ஃபேனைப் போட்டோம், எண் எகிறியது! அடுத்த நொடி, இன்ஜின் நின்றது!

"நின்னுடுச்சு! அக்கா, நின்னுடுச்சு!" என்று அந்த அம்மா கூவினார். லாரி நின்றுபோனதற்குக் கைதட்டிய ஒரே பட்டறை, உலகத்திலேயே எங்கள் பட்டறையாகத்தான் இருக்கும்!

எர்த் ஒயரின் தோலை அறுத்தோம். வெளியே பளபளப்பு, உள்ளே பச்சைக் களிம்பு! செம்பெல்லாம் பொடிந்து, மிஞ்சி நின்றவை ஓரிரு இழைகள். பீப் சொல்ல ஓர் இழை போதும் தோழர்களே! பாரம் சுமக்க ஓர் இழை போதுமா?

நல்ல ஒயருக்குள் ஈரம் நுழைந்தது எப்படி? கைதட்டலை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதன் தோலில் ஓர் ஊசித் துளை இருந்தது. என்றோ ஒருநாள், கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லைட் ஊசியால் குத்திவிட்டு, துளையை மூடாமல் போயிருக்கிறார்கள். யார் குத்துவார்? ஓட்டுநரா? முதலாளியா? நம் தொழில்காரர் ஒருவர்தான்! குத்தியதும் நாம். கோளாறு இல்லை என்றதும் நாம். பழி மட்டும் ஓட்டுநருக்கா? எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது!

முதலாளி என்னிடம் வந்து, "பிரமாதம்மா, கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார். அந்த அம்மா குறுக்கே வந்து நின்றார். "எங்க வீட்டுக்காரரைப் பொய்யன்னு எத்தனை டிரைவருங்க முன்னாடி சொன்னீங்களோ, அத்தனை பேர் முன்னாடியும் உண்மையைச் சொல்லுங்க."

சொன்னார் ஐயா! லாரி ஷெட்டில் அத்தனை பேரையும் கூட்டி வைத்து, ஓட்டுநரின் கையைப் பிடித்து, "இவர் சொன்னது உண்மை. தப்பு என்னோடது" என்று சொன்னார். அந்த மனிதர் அன்றுதான் நிமிர்ந்து நடந்தார்!

ஆகவே தோழர்களே, என் தீர்மானம் இதுதான். கோளாறு அகப்படாத வண்டிக்கு, 'கோளாறு இல்லை' என்று இனி நம்மில் எவரும் சொல்லக் கூடாது. 'எனக்கு இன்னும் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும்! 'இல்லை' என்று சொன்னால் ஓட்டுநர் பொய்யர் ஆகிறார். 'தெரியவில்லை' என்று சொன்னால் நமக்கு வேலை பாக்கி இருக்கிறது, அவ்வளவுதானே! சம்மதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள்!

ஆகா, கரங்களின் காடு! தலைவர் அவர்களே, எண்ண வேண்டாம், தீர்மானம் நிறைவேறிவிட்டது! என் அண்ணன் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார்!

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பூரிப்போடு தட்டிய கைகளுக்கும் நன்றி. நாளைக் காலை நம் பட்டறை வாசலில் ஓர் ஓட்டுநர் வந்து நிற்பார். அவர் சொல்வதை முதலில் கேளுங்கள். வணக்கம்!