நெற்றியை வழித்தவன்

சாயங்காலம் ஆறேகால் மணி. கண்மாயிலிருந்து ஊருக்கு வரும் ஒற்றை மண் ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். அந்த ரோட்டில் ஒரே ஒரு ஆள் நடந்து வருகிறார். தலை முதல் கால் வரை சேறு. கையில் கம்பு. நெஞ்சில் வார் போட்டுக் கட்டிய சின்னக் கேமரா... அதில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது.

செவந்தி இப்படித்தான் ஆரம்பித்தாள். மில் ஹாஸ்டலில் கரண்ட் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆறு பேரும் ஒரே கட்டிலில் ஏறிக் கால்களை மேலே இழுத்துக்கொண்டோம்.

"யாருடி அது?" என்றாள் ராக்காயி.

"எங்க பெரியம்மா மக இசைவாணி அக்கா இருக்குல்ல, அது வீட்டுக்காரர். கோபிநாத் மச்சான். பொன்னமராவதியில கல்யாண வீடியோ எடுக்கிறவர். குறுக்க பேசாத."

பொன்னமராவதிக்கு மேற்கே வடக்கூர், தெக்கூர் என்று இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் ஒரே மாரியம்மன். பங்குனித் திருவிழாவில் ஆண்கள் சேத்து வேஷம் போடுவார்கள். கண்மாய்ச் சேற்றை முகம் முழுக்க அப்பிக்கொண்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. சேறு பூசியவனுக்குப் பெயர் கிடையாது. யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. கோயில் தெருவில் இரண்டு ஊரும் எதிரெதிரே நிற்கும். கொட்டு முழங்க முழங்கக் கம்போடு கம்பு மோதும். தாங்க முடியாதவன் நெற்றிச் சேற்றைக் கையால் வழித்துத் தோலைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அவன்மேல் கம்பு படக் கூடாது. எல்லாம் முடிந்ததும் கண்மாயில் குளித்துவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும்.

போன வருஷம் அந்தத் தெருவில் ராமு செத்துப்போனான். கோபிநாத்தின் ஒரே தம்பி. தெக்கூரில் பெண் கட்டி மாமனார் வீட்டோடு தங்கிவிட்டதால், அண்ணன் வடக்கூர்ப் பக்கமும் தம்பி தெக்கூர்ப் பக்கமும் நின்றார்கள். கூட்டம் கலைந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கிடந்தான். மண்டை பிளந்து, ஒரு கண் வெளியே வந்து... நெற்றியில் மட்டும் சேறு இல்லை. நான்கு விரல் அகலத்துக்குச் சுத்தமாக வழித்திருந்தது.

"அப்ப... காட்டியிருக்கான்," என்றாள் ராக்காயி.

"காட்டியிருக்கான். காட்டுன பெறகும் அடிச்சிருக்காங்க."

யார்? சேறு பூசியவர்கள் முந்நூறு பேர். போலீஸ் கேட்டபோது யாருக்கும் யாரையும் தெரியவில்லை. கருமாதி அன்று ராமுவின் மனைவி மணிமேகலை, தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோபிநாத்திடம் சொன்னாள்.

"அடிச்ச கை யாரு கைன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க மாமா. அது தெரியாம இத நான் கழட்ட மாட்டேன்."

ஒரு வருஷம் கழட்டவில்லை. கடைக்கும் ரேஷனுக்கும் தாலியோடு போனாள். ஊர் ஒரு மாதிரி பேசியது. அந்தப் பேச்செல்லாம் கோபிநாத்தைத்தான் சுட்டது.

அதனால்தான் இந்த வருஷம் கேமராவோடு வேஷம் போட்டார். தெருவில் ஒவ்வொருவனும் எப்படி நிற்கிறான், எப்படிக் கம்பை வீசுகிறான் என்று எடுக்க வேண்டும். பிறகு கண்மாயில் அவன் முகம் கழுவும்போது எடுக்க வேண்டும். வழித்துக் காட்டியவனை எவன் அடிக்கிறானோ, அவன்தான் போன வருஷமும் அடித்திருப்பான் என்பது அவர் இசைவாணியிடம் சொன்ன கணக்கு.

கொட்டு ஆரம்பித்தது. கம்புகள் மோதின. ஒருவனுக்கு மூக்கு உடைந்து சேற்றின் மேல் ரத்தம் கோடு போட்டது. இன்னொருவன் பல்லைத் துப்பிவிட்டு மறுபடி ஓடி வந்தான். கோபிநாத்துக்குத் தோளிலும் முழங்கையிலும் அடி. அவரும் அடித்தார். அடிக்காமல் நின்றால் சந்தேகம் வரும். நெற்றியை வழித்தவர்களை எல்லோரும் விட்டுவிட்டார்கள். ஒருவன்கூடத் தப்பு செய்யவில்லை.

கண்மாயில் ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. சித்தப்பா, பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார். எல்லாம் தெரிந்த முகங்கள். குளித்து, சிரித்து, கலைந்து போனார்கள்.

ஒரே ஒருவன் மட்டும் குளிக்கவில்லை. எதிர்க்கரையில் நின்றான். மற்றவர்கள் மேல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அவன் மேல் அப்போதுதான் அப்பியது போல் சொட்டிக்கொண்டிருந்தது. கோபிநாத் கேமராவை அவன் பக்கம் திருப்பினார். கரையில் ஆள் இல்லை.

பயம். தானும் குளிக்காமல் நடையைக் கட்டினார். அந்த மண் ரோட்டில்தான் கேட்டது. பின்னால்... சொத்... சொத்... ஈரக் கால் மண்ணில் பதிகிற சத்தம். இவர் நின்றால் அதுவும் நின்றது. பழைய ரத்தமும் பாசியும் கலந்த ஒரு வாடை. திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் இசைவாணி மறித்தாள்.

"குளிக்காம ஏன் வந்தீங்க? அங்கிட்டே நில்லுங்க, தண்ணி கொண்டு வாரேன்."

"பின்னாடி யாராச்சும் வாராங்களா பாரு."

"யாரும் வரல. உள்ள புத்தியும் கெட்டுப்போச்சா ஒங்களுக்கு?"

குழாயடியில் கழுவிவிட்டு, கம்பை அங்கேயே சாத்திவிட்டு, கடைசி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இசைவாணி டீயோடு வந்து பக்கத்தில் நின்றாள். படம் ஓடியது. தெரு, கொட்டு, கம்புகள். பிறகு திரை கறுத்தது. மறுபடி அதே தெரு வந்தது.

ஆனால் இப்போது தெருவில் தண்ணீர்த் தொட்டி நின்றது. தை மாதம் இடித்துத் தள்ளிய தொட்டி. அதன் ஓரத்தில் பச்சைச் சேலையில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இசைவாணியே நின்றாள்.

"இது போன வருஷம்ங்க," என்றாள். "கேமராவே போன மாசந்தான வாங்குனீங்க."

அவர் சத்தத்தைக் கூட்டினார்.

படத்தில் ஒருவன் எதிரே வந்தான். கம்பு நேராகத் திரையின் மேல் விழுந்தது. படம் குலுங்கியது. மறுபடி அடி. திரைக்குக் கீழிருந்து, படம் எடுத்தவனின் கை ஒன்று எழுந்து மேலே போனது. விரல்கள் சேற்றோடு இறங்கின. மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஒரு குரல்.

"வழிச்சிட்டேன்ணே... நாந்தாண்ணே, ராமு."

எதிரே இருந்தவன் நின்றான். எச்சில் விழுங்குகிற நேரம். சேற்றுக்குள் இரண்டு கண்கள், அகலத் திறந்து, நன்றாகப் பார்த்தன. பிறகு கம்பு மறுபடி மேலே போனது. பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற கண்கள். இசைவாணி கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது.

கோபிநாத் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

"மூஞ்சி தெரிஞ்சுச்சு வாணி. தம்பின்னு தெரிஞ்சுச்சு. கை நிக்கல."

"ரெண்டு பேருக்கும் சொத்துத் தகராறாடி?" என்று இருட்டில் யாரோ கேட்டார்கள்.

"ஒண்ணும் கெடையாது. மொத நாளு ராத்திரி ஒரே தட்டுல கறிச்சோறு தின்னவங்க."

படத்தில் அடி நின்றது. தரையில் கிடந்த பார்வை... கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது. நடக்க ஆரம்பித்தது. சொத்... சொத்... கண்மாய் வந்தது. மண் ரோடு வந்தது. முன்னால் ஒரு சேற்று முதுகு போய்க்கொண்டிருந்தது. அது கோபிநாத்தின் முதுகு.

அவர் எழுந்து இசைவாணியை வெளியே தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டார். அவள் கதவைத் தட்டினாள். உள்ளே ஓடிய படத்தில் இப்போது அவர்கள் வீட்டு வாசல் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் இல்லை. பிறகு அவர் குரல் மட்டும், சிறுபிள்ளை போல.

"வழிச்சிட்டேன்டா... ராமு, பாரு, வழிச்சிட்டேன்."

அதற்குப் பிறகு கம்பு. ஈர விறகில் கோடாலி இறங்குகிற சத்தம். நிறுத்தாமல். இசைவாணி கத்திய கத்தலில் நான்கு வீட்டு ஆண்கள் ஓடி வந்து கதவை உடைத்தார்கள்.

முகம் என்று ஒன்று இல்லை. நெற்றியை அவரே நகத்தால் வழித்திருந்தார். எலும்பு தெரியும்வரை வழித்திருந்தார். அறைக்கு ஒரே கதவு. கம்பிச் சன்னல். கம்பு வெளியே குழாயடியில், சாத்திய இடத்தில், காய்ந்துபோய் நின்றது.

மணிமேகலை வந்தாள். இசைவாணி ஒன்றையும் மறைக்காமல் அவளிடம் சொன்னாள். கேட்டுவிட்டு, அழாமல், கழுத்திலிருந்து தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு வந்த எஸ்.ஐ. மெமரி கார்டைப் போட்டுக் காட்டினார். தெரு இல்லை, தொட்டி இல்லை, அடி இல்லை. எல்லாம் அழிந்து, கடைசி ஒரு நிமிஷம் மட்டும் மிச்சம். இசைவாணி கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். முதுகுப் பக்கமிருந்து எடுத்த படம். அவள் தட்டத் தட்டப் படம் மெதுவாகக் கிட்டே வருகிறது. கடைசியில் பின்கழுத்தும் கொண்டையும் மட்டும்.

"ஒங்களுக்குப் பின்னாடி நின்னு எடுத்தது யாரும்மா?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

அறைக் கதவுக்கு வெளியே உள்ள நடை ரொம்பக் குறுகல். கதவைப் பார்த்து ஒருவர் நின்றால் முதுகு உரசும்.

"எனக்குப் பின்னாடி செவருதான் சார் இருந்துச்சு," என்றாள் அக்கா.