வெள்ளப் பைக்குள் பட்டுப்புடவை

மலேசியாவின் தெலுக் இந்தானில் எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளிக்கு விற்கும் கடை. காசு கட்டும் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கணவன், மனைவி. கூடையில் டார்ச்லைட், மெழுகுவத்தி, விசில்.

"பஞ்சிர், வெள்ளம் வந்தா தூக்கிட்டு ஓடுற பையில பட்டுப்புடவை எதுக்குலா?" என்றார் கணவர்.

"போன தடவ தண்ணி ஏறுனப்ப நைட்டியோட ஓடுனேன். நம்மள தங்க வச்ச பள்ளிக்கூட மண்டபத்துல பேப்பர்காரன் போட்டோ எடுத்துட்டான். எங்க அண்ணி இன்னும் அத வாட்ஸாப்புல அனுப்பிச் சிரிக்கிறா."

"புடவை நனைஞ்சா?"

"பிளாஸ்டிக்ல சுத்தி வச்சிருக்கேன். உங்க ஐசி கார்டு, பேங்க் புக்கு எல்லாம் அந்த மடிப்புக்குள்ளதான் இருக்கு. ஆமா, அந்தப் போட்டோவுல உங்களக் காணமே?"

"இடுப்புல வெறும் துண்டு. உன் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டேன்."

இருவரும் சிரித்ததில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் விசிலை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் விசில் இல்லை, நரைக்குப் பூசும் கறுப்புச் சாயம் இருந்தது.

"விசிலுக்குப் பதிலா இதா?"

"இந்தத் தடவ நானும் முன்னாடி நிக்கிறேன்லா."