நாலாவது கம்பி

யசிந்தா: ஆறு கீற்றரும் எரிஞ்சுபோச்சோ, அண்ணை?

கனிசியஸ்: ஆறும்தான். சுவிச்சைப் போட்டன்... வெள்ளை வெளேரெண்டு பத்திச்சுது. பிறகு டப்... டப்...

யசிந்தா: அப்ப கடலட்டை?

கனிசியஸ்: சிங்கப்பூர்க் கப்பலுக்கெண்டு அவிச்சுப் பரப்பினது. கீற்றர்ச் சூடு இல்லாமல் இந்த மழையிலை எங்கை காயிறது? எல்லாம் நாறுது. முதலாளி சம்மாட்டியார் என்னை இனி ஐஸ் பக்ரறிப் பக்கம் வரவேண்டாமெண்டிட்டார்.

யசிந்தா: வேறை மாலை போடுவாரோ? ஏழு வருசம் அந்த ஐஸ் பக்ரறி மோட்டரோடை கிடந்தனீங்கள். லைனிலை நாலு கம்பி வாறது கண்ணுக்குத் தெரியேல்லையோ?

கனிசியஸ்: தெரிஞ்சது...

யசிந்தா: பிறகேன் நடுக்கம்பியை விட்டனீங்கள்? உயிர்க்கம்பி இரண்டுக்கு இடையிலை கொழுவினால் நானூறு வோல்ற். அந்தக் கீற்றர் தாங்கிறது இருநூற்று முப்பது. ஒரு உயிர்க்கம்பி, ஒரு நடுக்கம்பி. இவ்வளவுதானே சங்கதி!

கனிசியஸ்: படத்திலை மூண்டு கம்பிதான் கிடந்தது, பிள்ளை.

யசிந்தா: எந்தப் படம்?

கனிசியஸ்: ஒராள்... கீறித் தந்தது.

யசிந்தா: ஆர் அந்தப் பேய்?

கனிசியஸ்: உப்பிடிச் சொல்லாதை. பெரிய படிப்புப் படிச்ச ஆள்.

யசிந்தா: படிச்ச ஆளோ! மோட்டருக்கு மூண்டு கம்பி காணும்; புத்தகத்திலை அந்தப் படத்தைப் பாத்து அப்பிடியே கீறியிருக்கும். ஒரு பக்ரறி வாசலும் மிதிச்சிருக்காது. கொழும்பிலை பட்டம் வாங்கினதாம்... தூ!

கனிசியஸ்: விடன் இப்ப...

யசிந்தா: நீங்களாவது கேட்டனீங்களோ, நாலாவது கம்பி எங்கையெண்டு?

கனிசியஸ்: கேட்டனான். "கம்பி இழுக்கிறவைக்கு இது விளங்காது, கீறினபடி கொழுவுங்கோ" எண்டுது.

யசிந்தா: ...அப்பிடியோ சொன்னது?

கனிசியஸ்: வேலை அவசரத்திலை சொன்னதாக்கும்.

யசிந்தா: சாட்டுச் சொல்லாதையுங்கோ. பேரைச் சொன்னால் உங்கடை வேலை திரும்பக் கிடைக்கும். சொல்லுங்கோ!

கனிசியஸ்: மாட்டன்.

யசிந்தா: ஏன், அவ்வளவு பயமோ?

கனிசியஸ்: எனக்கென்ன, ஐயாவின்ரை வள்ளம் கிடக்கு. கடலுக்குப் போவன். அந்த ஆளுக்கு வாற மாசம் கொன்வென்ற் பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிற வேலை. அதைக் குடுக்கிறது ஆர்? சம்மாட்டியாரின்ரை தமக்கை, அங்கத்தைப் பெரிய மதர். இந்தக் கதை அவவின்ரை காதிலை விழுந்தால்...

யசிந்தா: அந்தப் படத்தைத் தாங்கோ.

கனிசியஸ்: அடுப்பிலை போட்டாச்சு.

யசிந்தா: பொய்.

கனிசியஸ்: அந்தோனியாராணை!

யசிந்தா: வீண் வேலை. நான் இப்ப சம்மாட்டியார் வீட்டிலையிருந்துதான் வாறன். அந்தப் பேய் ஆரெண்டு உங்கடை வாயிலையிருந்து வருகுதோ பாப்பமெண்டுதான் இவ்வளவும் கேட்டனான். படம் கீறினது நான்தானெண்டு அவரிட்டைச் சொல்லிப்போட்டன், அண்ணை. உங்களை நாளைக்கு வேலைக்கு வரட்டாம். எனக்கு... கதவைச் சாத்திப்போட்டார்.