தமிழில் மட்டும் மாறியிருந்த வரி

நாம் இருவரும் தமிழாக்கிய செய்திச் செயலியில் ‘சாவி’ என்று இருந்ததைத் ‘திறப்பு’ என்று மாற்றியது நான்தான், தர்சினி. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னையில் யாரோ சாவி என்று போட்டு வைத்திருந்தார். எங்கள் பெண்களுக்கு அது ஒட்டாது என்று எழுதினேன். நீங்கள் பாண்டிருப்பிலிருந்து ஒரு சிரிப்பு முகத்தை அனுப்பிவிட்டு ஒப்புதல் கொடுத்தீர்கள். முகம் பார்க்காமல் அப்படித்தான் நாம் பழகினோம்.

தேத்தண்ணியைக் குடியுங்கள், ஆறுகிறது. கொஞ்சம் இந்தப் பக்கமாக வந்து இருங்கள். என் இடது காது கேட்காது என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்க வந்த வரியையும் நான்தான் மாற்றினேன். மாற்றத்துக்குப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கத்தான் வேண்டும். அந்தச் செயலியின் உள்ளே எதையும் ஒளிக்க முடியாது. யாரும் திறந்து வாசிக்கலாம், அதனால்தான் அதை நம்பலாம் என்று கல்முனை மகளிர் சங்கத்தில் நானே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேர் எழுதிக்கொள்வதை நடுவில் யாராலும் வாசிக்க முடியாது, அதைச் செய்தவர்களால்கூட முடியாது. அது பொய்யில்லை. இன்றைக்கும் பொய்யில்லை. நான் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை.

றுகையா என் தம்பி முஸ்தாக்கின் மனைவி. நல்ல பிள்ளை என்று ஊர் சொல்லும், நானும் சொல்வேன். தம்பி அவளை அடிப்பான். அவள் ஒரு நாள் வீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போய்விட்டாள். பிறகு காதி நீதிமன்றத்தில் பிரிவு கேட்டாள்.

உங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பையோடு பெண் வீட்டுக்குப் போவான். பிரிந்தால் அதே பையோடு உம்மா வீட்டுக்குத் திரும்புவான். எங்கள் உம்மா வீடு எனக்குச் சீதனமாக வந்தது. நீங்கள் இப்போது இருக்கிற வீடு. என் கணவர் கட்டாரில். இங்கே நானும் மகள் ஸம்றாவும்தான்.

முஸ்தாக் ஒரு நாள் பையைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தான்.

“ராத்தா, இந்த அறைய ஒழிச்சி வைங்க. அவ எழுதிக் கேட்டிட்டா. வீட்ட விட்டு என்ன எழுப்பிருவாங்க போல.”

“எத்தின நாளைக்கு?”

“எத்தின நாளைக்கா? இது என்ட உம்மாட ஊடு.” பிறகு ஸம்றாவைப் பார்த்துச் சிரித்தான். “இவ என்ன, இந்தளவு வளந்திட்டா! வாய் காட்டுறாளா? நான் வந்து திருத்துறன்.”

மறுநாள் ஓடாவியைக் கூப்பிட்டு ஸம்றாவின் அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.

“உள்ளுக்கா போடுற? கள்ளன் வெளியாலதானே வருவான்?” என்று அவர் பகிடி விட்டார்.

“உள்ளுக்குத்தான்” என்றேன்.

றுகையா வீட்டுக்குத் திரும்பி வந்தால் தம்பியும் அங்கேயே இருப்பான். நான் யோசித்தது அவ்வளவுதான். ஒரு குடும்பம் உடையாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை?

அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டுப் பார்த்தேன். அவளுடைய போனுக்கும் அவள் உம்மா ஆயிஷாவின் போனுக்கும் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தது நான்தான் என்பதால் என்னோடும் எழுதுவாள். “வேணாம் மதினி. உங்களுக்குத் தெரிஞ்சா உங்கட தம்பி உங்களத்தான் புடிச்சிக் கேப்பாரு. நீங்க பொய் சொல்ல வேண்டி வரும். அந்தப் பாவம் உங்களுக்கு எதுக்கு?” என்று எழுதினாள். என்னைப் பாவத்திலிருந்து காப்பாற்றுகிறாளாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அவள் நம்பியது உம்மாவை மட்டும். ஆனால் உம்மாவின் கணக்கை வேறொருவர் வேறு போனில் திறந்தால் றுகையாவின் திரையில் ஓர் எச்சரிக்கை விழும். அதை நானே தமிழில் எழுதியிருந்தேன்: ‘இவரது பாதுகாப்பு எண் மாறியுள்ளது. எழுதுவது வேறொருவராக இருக்கலாம். குரலைக் கேட்டு உறுதிசெய்யும்வரை எதையும் அனுப்ப வேண்டாம்.’ நல்ல தமிழ் என்று பாராட்டினீர்கள்.

அந்த இடத்தில் இப்படி வைத்தேன்: ‘இந்த உரையாடல் புதுப்பிக்கப்பட்டது. வழக்கம்போல் தொடரலாம்.’ மற்றத் திருத்தங்களோடு ஒரு கட்டாகச் சேர்த்து அனுப்பினேன். ஒருவர் எழுதினால் மற்றவர் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு அந்த மற்றவர் நீங்கள். ‘பஸ்ஸில் இருக்கிறேன் அக்கா, நீங்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும்’ என்று எழுதிவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக ஒப்புதல் கொடுத்தீர்கள். உலகத்துக்கே திறந்து கிடந்த வரி. வாசிக்க வேண்டிய ஒரே ஆளும் வாசிக்கவில்லை. குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

தமிழில் பாவிக்கிற வேறு எத்தனை பேருக்கு அது போயிருக்கும் என்று கேட்கிறீர்கள். தெரியாது. அவர்கள் யாரும் எனக்குப் பழக்கமானவர்கள் இல்லை.

புதிய பதிப்பு எல்லார் போனுக்கும் வந்த பிறகு ஆயிஷா உம்மாவிடம் போனேன். அந்த மனிசி போனை இடுப்பை விட்டு இறக்காது. இறக்கத் தேவையும் இருக்கவில்லை. “உங்கட போனுக்கு ஒரு நம்பர் வரும், வாசிங்க மாமி, சரி பண்ணித் தாறன்” என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குழந்தைப் பிள்ளைபோல ஒவ்வொரு இலக்கமாக உரக்க வாசித்தது. நான் என் மற்றப் போனில் அடித்தேன். உம்மாவின் கணக்கு என் கைக்கு வந்தது. “ரெண்டு நாளைக்கு வேல செய்யாது, மறுகா சரியாகிரும்” என்றேன். “அல்லாஹ் உனக்கு பறக்கத் செய்வான்” என்று என் தலையைத் தடவியது.

உம்மாவைப்போல எழுதுவது கஷ்டமில்லை. எழுதப் பழக்கியதே நான்தானே. நெஞ்சு நோகுது, மௌத்தாக முன்ன உன்னப் பாக்கோணும் என்று எழுதினேன். றுகையா உடனே அந்தச் செயலியிலேயே அழைத்தாள். நான் எடுக்கவில்லை. தொண்டை கட்டிப்போச்சு, எழுது புள்ள என்றேன்.

அப்போது என் சொந்தப் போனுக்கு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

“மதினி, உம்மாட பேருக்குக் கீழ ஒரு வரி வந்திரிக்கி. புதுப்பிக்கப்பட்டது எண்டு. நீங்க முந்தி நம்பர் மாறுறதப் பத்திச் சொன்னீங்களே, இது அதுவா?”

“அதுல என்ன எழுதியிரிக்கோ அப்பிடியே செய்” என்று பதில் போட்டேன்.

“ஓம் மதினி” என்றாள். கொஞ்ச நேரத்தில் மற்றப் போனில் இடம் வந்தது. அறுகம்பேயில் ஒரு விடுதியின் பெயர். குசினியில் வேலை, பின்பக்கத்து அறை. ‘உம்மா, அழாதீங்க, நான் நல்லா இரிக்கன்’ என்றும் இருந்தது.

முஸ்தாக்குக்கு நான்தான் சொன்னேன். “ஆரு சொன்ன?” என்றான். “அவட உம்மா” என்றேன். அதனால்தான் ஆயிஷா உம்மா இப்போது யாரோடும் கதைப்பதில்லை. தான் அறியாமல் எதையோ அழுத்திவிட்டதாக நினைக்கிறது. நான் மறுத்துச் சொல்லவில்லை. வயதானவர்களைக் குழப்பக்கூடாது.

மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். றுகையாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்ற செய்தி எங்களுக்கு மறுநாள் காலையில்தான் வந்தது. தம்பி இப்போது விளக்கமறியல் சிறையில்.

அவன் அப்படிச் செய்வான் என்று தெரியுமா என்று பொலிஸாரும் கேட்டார்கள். தெரியாது என்றேன். என் காது காய்ச்சலில் போனதென்று உங்களிடம் சொல்லியிருந்தேன். காய்ச்சல் இல்லை, கிணற்றுக் கட்டில் என் தலையைப் பிடித்து மோதினான். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆனால் அது பழைய கதை, மனிதர்கள் மாறுவார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் வீட்டில் ஒழுங்காகக் குடும்பம் நடத்துவான் என்றுதான் நான் அவனை அனுப்பினேன். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

இந்த முன்னறையைப் பாருங்கள், எவ்வளவு விசாலமாக இருக்கிறது. அவன் புறப்பட்டுப் போன அந்தப் பின்னேரமே பையை அவிழ்த்து, அவனுடைய சாரன்களையும் சேர்ட்டுகளையும் கழுவி மடித்துப் பள்ளிவாசலில் ஏழைகளுக்கென்று கொடுத்துவிட்டேன். நல்ல சாரன்கள், தர்சினி, கிழியாதவை. அவனுக்கு இனி அவை தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.