வயல் குடிக்கும் தண்ணீர்

வெளிநாட்டில் நாங்கள் குடியிருக்கும் த்ரீ கிங்ஸ் பகுதியின் மளிகைக் கடையில் பில் போட நின்றிருந்தோம். எனக்கு முன்னால் ஒருவர், கழுத்தில் அலுவலக அட்டையும் தோளில் பொன்னி அரிசி மூட்டையுமாக, ஊரில் இருக்கும் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“ஐரோப்பாவுல தண்ணிய ஃபேக்டரி குடிக்குதுண்ணே. நம்ம ஊர்ல இருக்கறதெல்லாம் வயலே குடிச்சிடுது. அதான் நாம உருப்படல. நெல்லு போட்டது போதும், நெலத்த வித்துடு.”

அவர் போனை வைத்ததும், அவருக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா திரும்பினார்.

“தம்பி, உந்த மூட்டையில என்ன?”

“பொன்னி அரிசி, அக்கா.”

“அது எந்த ஃபேக்டரியில செய்தது?”

“அக்கா, நான் உலக நிலவரத்தச் சொன்னேன். இங்கயும்தான் மாடு மேயற புல்லுக்குத் தண்ணி பாய்ச்சுறான். ஆனா அது பால் பவுடரா ஏற்றுமதி ஆகுதுல்ல.”

“ஓம். புல்லுக்கு விட்டால் பிசினஸ், நெல்லுக்கு விட்டால் நாசம்.”

அவர் மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். தன் முறை வந்ததும் கடைக்காரரிடம், “இது பழைய அரிசிதானே? புதுசு குழைஞ்சிடும்” என்று மட்டும் கேட்டார்.

அம்மா தன் பையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: “பழசெண்டால் தண்ணி கூடுதலாக் குடிக்கும், தம்பி. எவ்வளவு விடுறதெண்டு அண்ணனிட்டக் கேளுங்கோ.”