மூன்றாவது விசிலுக்குப் பிறகு

"வெடி! வெடி! ஒதுங்குங்க!"

மூன்றாவது விசில். செவ்வாய்க்கிழமை. பகல் பதினொன்றரை. கல்குவாரியில் எல்லோரும் பாறை மறைவுக்கு ஓடுகிறார்கள். காவல்காரர்கள் தகரக் கொட்டகைக்குள் பதுங்குகிறார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் மேட்டுப் பாதையில் ஏறுகிறோம். முன்னால் என் மகள் லட்சுமி. அடுத்து எங்கள் பக்கத்து வீட்டு பாத்திமா. கடைசியில் நான். லட்சுமியை வெளியே கொண்டுபோக வேண்டும். வேறு நினைப்பில்லை.

வெடி வைக்கும்போது மட்டும்தான் எங்களை யாரும் காவல் காப்பதில்லை. மூன்றாவது விசிலுக்குப் பிறகு நூறு எண்ணினால்தான் வெடிக்கும். மூன்று மாதம் எண்ணிப் பார்த்திருந்தேன்.

எங்கள் ஊர் சாமல்பட்டிக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி ரோஜாத் தோட்டத்து வேலை என்றான். ஓசூர்ப் பக்கம், பூப் பறிக்க வேண்டும் என்றான். வயதில் மூத்தவள் என்று தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து என்னிடம் நீட்டினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலைக்குக் கிளம்பிய எங்கள் ஊர்ப் பெண்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்து நானே வாங்கினேன். வெற்றிலை வாங்கிவிட்டால் எங்கள் பக்கம் பேச்சு மாறமாட்டோம். எங்களில் மாதம்மா தயங்கினாள். "நானே வரேன், உனக்கு என்னாடி பயம்?" என்று அதட்டி வண்டியில் ஏற்றியவள் நான். முதலில் ஒரு ஆள் போய் இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

வண்டி குவாரியில் நின்றது. இறங்கியதும் ஆதாரையும் போனையும் பிடுங்கினார்கள். கல் உடைத்தோம். வெளியே விடவில்லை. லட்சுமி ஒரு லாரிக்காரரிடம் போன் கேட்டாள். அவள் கையைப் பாறைமேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். மற்றவர்களை வரிசையாக நிற்க வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம். அன்றைக்குத்தான் எண்ண ஆரம்பித்தேன்.

நாற்பது. நாற்பத்தொன்று. கொட்டகைக்குள்ளிருந்து ஒருவன் கத்துகிறான். "ஏய் கெழவி! ரோடு வரைக்கும் உன் முட்டி தாங்குமா?"

பாத்திமா திரும்பிக் கத்துகிறாள். "உன்னவிட எங்க பெரீம்மா நல்லா ஓடும்டா!"

அறுபத்திரண்டில் வெடித்தது.

தரை தூக்கிப் போட்டது. ஒரு சத்தம். அப்புறம் என் இடது காதில் சத்தமே இல்லை. கல் மழையாக விழுகிறது. பாத்திமா குப்புறக் கிடக்கிறாள். தலையின் பின்பக்கம் இல்லை. லட்சுமி அவளைத் தூக்கப் போனாள். நான் அவள் முடியைப் பிடித்து இழுத்தேன். "ஓடுடி! ஓடு!" பாத்திமாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம்.

கர்நாடக எல்லையில், ஜூஜுவாடிக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி நின்றது. "ஹத்தி! பேக ஹத்தி!" என்று டிரைவர் கன்னடத்தில் ஏறச் சொல்லிக் கத்தினார். ஏறினோம்.

நாங்கள் கொடுத்த புகாரின் பேரில் சனிக்கிழமை அதிகாரிகளும் போலீசும் என்னைக் கூட்டிக்கொண்டு குவாரிக்குப் போனார்கள். கொடியில் ஈரப் புடவைகள் தொங்கின. ஆட்கள் இல்லை. அடுத்த குழியில் வேலை செய்த எங்கள் ஊர் ஐந்து பேரையும் ஏற்கெனவே எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள்.

வண்டியில் ஏறியது எட்டுப் பேர். திரும்பியது இரண்டு பேர். லட்சுமிக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை. எனக்கு ஒரு காது இல்லை. பாத்திமா இல்லை. மாதம்மா, காவேரி, ராணி, நசீமா, சின்னப்பொண்ணு. இந்த ஐந்து பேரும் இன்று எந்தக் குவாரியில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.