ஏசிக்குப் பக்கத்துக் கீழ்க்கட்டில்

எனக்குக் கீழே படுத்தால்தான் தூக்கம் வரும், சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சவுதிக்கு வேலைக்கு வந்த இடத்தில், கம்பெனி கேம்ப் அறையில் எனக்குக் கிடைத்ததோ மேல்கட்டில். ஜுபைல் வெயிலில் கூரையை ஒட்டிப் படுத்தால் முதுகு வெந்துவிடும். எனக்கு நேர் கீழே, ஏசிக் குளிர் முழுக்க விழுகிற கட்டிலில், அம்மையப்பன் அண்ணன் போர்வை போர்த்திக்கொண்டு தூங்குவார். போர்வை, சார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் நல்ல மனிதர். அதை நான் எங்கும் மறைக்கவில்லை. பிளான்ட்டில் பைப் ஃபிட்டர். முட்டிவலி என்பதால் கீழ்க்கட்டில் கொடுத்திருந்தார்கள். ஊரில் வீட்டுக்குச் சுவர் எழுப்பியாயிற்று, தளம் போடும் வரைக்கும் இங்கே தாக்குப்பிடித்தால் போதும் என்பார். யாரைப் பார்த்தாலும் ஏதாவது பாராட்டிவிடுவார். அந்த ஒரு கெட்ட பழக்கம்தான் அவருக்கு.

போன மாதம் அறையில் ஒருவருக்கும் நேரம் சரியில்லை. வாசுவின் லீவு ரத்தானது. ஷ்யாமுக்குப் பேசி முடித்த பெண் போனை எடுப்பதில்லை. ஸ்ரீகாந்த் வைத்த கோழிக்குழம்பு அடிப்பிடித்தது. ஏசி வேறு நின்று நின்று ஓடியது. நான் யார்மீதும் பழி போடவில்லை. ஒரு கேள்விதான் கேட்டேன். "அதுக்கு முன்னாடி அம்மையப்பண்ணன் ஏதாச்சும் சொன்னாரா?"

"பொண்ணு லட்சணமா இருக்குன்னாரு," என்றான் ஷ்யாம்.

"குழம்பு வாசனை வாசல் வரைக்கும் தூக்குதுன்னாரு," என்றான் ஸ்ரீகாந்த்.

வாசுவிடம், "நல்லபடியா போயிட்டு வாப்பா" என்றிருக்கிறார். கண் வைக்கிறார் என்று ஆரம்பித்தார்கள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அது செய்வினை ஆகியிருந்தது.

விசாரிக்காமல் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சோதனை வைக்கச் சொன்னதே நான்தான். வெள்ளிக்கிழமை ஸ்ரீகாந்தின் ரைஸ் குக்கரை அவர் முன்னால் வைத்துப் பாராட்டச் சொன்னோம். சோறு குழைந்தால் அவர் செய்வினைக்காரர். அவர் சிரித்துக்கொண்டே, "தங்கமான குக்கருப்பா" என்றார். சோறு மல்லிகைப்பூவாக வந்தது. எல்லோருக்கும் முகம் தொங்கிவிட்டது. வேண்டாதபோது நிறுத்தி வைக்கவும் தெரிந்திருக்கிறதே, அப்படியென்றால் அவர் எவ்வளவு பெரிய ஆள் என்று நான் விளக்கினேன். படித்த பையன்கள், சட்டென்று புரிந்துகொண்டார்கள்.

அதன் பிறகு அவரோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. விஷயம் காதுக்குப் போய், அவர் பாராட்டுவதையே நிறுத்திவிட்டார். அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தை அவர் தலையணைக்கு அடியில் வைத்தது நான்தான். நல்ல பழமாகப் பார்த்து வாங்கினேன். கண்டெடுத்ததும் நான்தான், மற்றவர்கள் தொடப் பயந்தார்கள். கேம்ப் பாஸ் கௌஸ் முகைதீன் பாய் எங்கள் புகாரைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சூனியம் கீனியம்னு இந்த ஊர்ல பேச்சு வெளிய போச்சுன்னா, இங்கத்த சட்டப்படி அந்த மனுஷன் உசுருக்கே ஆபத்து. உங்களுக்காக இல்ல, அவருக்காகச் சொல்றேன். கலாஸ், இதோட முடிஞ்சுது. இந்த வாரமே எக்ஸிட் போட்டு ஊருக்கு அனுப்பிடறேன்."

பெட்டி கட்ட நான்தான் ஒத்தாசை செய்தேன். கூரை இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு வீரம்மாள் உட்கார்ந்திருப்பாளே என்று மனைவியை நினைத்து அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. வேனில் ஏறும்போது என் தோளைத் தொட்டார்.

"கீழ்க்கட்டில்தான வேணும் உனக்கு, விஜயபாஸ்கரு? ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனேப்பா."

சார், அந்த ஆசையை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. என் மனதுக்குள் இருந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? அதுகூடப் போகட்டும். ஜுபைலில், ஆகஸ்ட் மாதத்தில், ஏசிக்குப் பக்கத்துக் கட்டிலைக் கேட்டவுடன் எழுந்து கொடுக்கிற மனிதன் உலகத்தில் உண்டா? பழத்தை வைத்த அன்று எனக்கே லேசாகச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. அவர் சூனியக்காரர்தான்.